வழுவுக்கும் ஓர் இலக்கணம்



நிரல்மொழிகளைப் பற்றி நம்மவர் கூடிப் பேசும்போது கவனித்துப் பாருங்கள். எந்த மொழி விரைவானது, எதைக் கற்றால் வேலை கிடைக்கும், எதில் புதிய வசதிகள் வந்திருக்கின்றன என்றே பேச்சு ஓடும். நாம் தவறு செய்யும்போது அம்மொழியின் கருவி நம்மிடம் எப்படிப் பேசுகிறது என்று கேட்பார் ஒருவரும் இலர். ஆனால் நிரல் எழுதுகிறவன் தன் பொழுதில் பெரும்பகுதியைக் கழிப்பது எங்கே? ஓடுகிற நிரலின் முன்னாலா? இல்லை, ஓடாத நிரலின் முன்னால்தான். அவ்வேளையில் அவனுக்குத் துணையாக நிற்பது கருவி காட்டும் பிழைச்செய்தி ஒன்றே. அத்துணை நற்றுணையானால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. அல்லாவிடில் இரவு முழுவதும் போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ள நிரல்மொழிகளில், பிழையை அறிவிக்கும் முறையைச் செப்பனிடுவது, புதிய வசதி ஒன்றைச் சேர்ப்பதற்கு எவ்வகையிலும் தாழ்ந்த பணி அன்று. பல வேளைகளில் அதனினும் உயர்ந்த பணி. அப்பணியில் மாணவர்களாகிய நமக்கும், அதிலும் புதிதாகக் கற்கத் தொடங்கியவர்களுக்கும், தனியானதோர் இடம் உண்டு.

நம் முன்னோர் இலக்கணம் வகுத்த முறையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். சொல்லைப் பிழைபடக் கூறுவதை அவர்கள் 'வழு' என்றனர். வழு என்று சொல்லிவிட்டு வாளா இருந்தார்களா? இல்லை. திணை வழு, பால் வழு, இட வழு, கால வழு, வினா வழு, விடை வழு, மரபு வழு என ஏழாகப் பகுத்துக் காட்டினர். 'அவன் வந்தாள்' என்று ஒரு சிறுவன் எழுதினால், நல்ல தமிழாசிரியர் 'தவறு' என்று மட்டும் கோடிட்டு நிறுத்துவதில்லை. 'எழுவாய் ஆண்பால், பயனிலை பெண்பால். ஆகவே இது பால் வழு' என்று இடத்தையும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார். சிறுவன் திருத்திக்கொள்கிறான். மறுமுறை அத்தவற்றைச் செய்வதும் இல்லை.

இந்தப் பண்பைக் கணிப்பொறிக் கருவிகள் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. யூனிக்ஸின் தொடக்க காலத்தில் 'எட்' என்று ஓர் உரைத்திருத்தக் கருவி எழுதப்பட்டது. எந்தத் தவறு செய்தாலும் அது காட்டிய மறுமொழி ஒரே ஒரு வினாக்குறி! என்ன தவறு, எங்கே தவறு என்பதைப் பயன்படுத்துகிறவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். நினைவகம் சுருங்கியிருந்த காலம் அது. ஓர் எழுத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே அக்கருவியை நாம் பழிப்பதற்கில்லை. ஆனால் நினைவகம் பெருகிய பின்னும் அந்தச் சிக்கனம் ஒரு பழக்கமாகவே நிலைத்துவிட்டது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்வோம். இயற்பியல் மாணவர் முதல் பொருளியல் மாணவர் வரை நம்மில் பலரும் ஏதோ ஒரு வகையில் தொட்ட மொழி அது. கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட அம்மொழி எளிமைக்குப் பெயர் பெற்றது. ஆயினும் தொடரமைப்பில் பிழை நேர்ந்தால் நெடுங்காலம் வரை அது பெரும்பாலும் சொல்லிவந்தவை 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்னும் இரண்டே சொற்கள். தொடரமைப்புச் செல்லாது என்பது பொருள். ஏன் செல்லாது? விடை இல்லை.

இடத்தையாவது சரியாகச் சுட்டியதா? பத்தாம் வரியில் ஒரு மாணவர் அடைப்புக்குறியைத் திறந்தார். மூட மறந்தார் என்று கொள்ளுங்கள். கருவி பத்தாம் வரியைச் சுட்டாது. அடுத்து வரும் வேறொரு வரியையோ, கோப்பின் கடைசியையோ சுட்டும். சுட்டப்பட்ட வரியில் ஒரு குற்றமும் இராது. மாணவர் அதனை நூறுமுறை படிப்பார், அழித்து எழுதுவார், அதே செய்தி மீண்டும் வரும். குற்றம் ஓரிடத்தில் இருக்கத் தண்டனை வேறோரிடத்தில்! சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். வெட்டுண்டவன் கோவலன் அல்லவா? ஆராயாமல் சுட்டுகிற விரல் மதுரையில் செய்ததையே இங்கும் செய்கிறது. இங்கே உயிர் போகவில்லை. ஒரு மாணவரின் தன்னம்பிக்கை போகிறது.

இது நேர்ந்ததற்குக் காரணம் அம்மொழியை ஆக்கியோரின் அலட்சியம் அன்று. கருவியின் உள்ளமைப்பே காரணம். நிரலைப் படித்துப் பகுக்கும் பழைய பகுதி, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டு, அடுத்துள்ள ஒரே ஒரு சொல்லை மட்டும் எட்டிப் பார்க்கும். மேலே செல்ல இயலாத இடத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தையே பிழை நேர்ந்த இடமாக அறிவிக்கும். ஆனால் வழி தவறிய இடம் வேறு, வழி தவறிவிட்டோம் என்று உணரும் இடம் வேறு அன்றோ? இரண்டையும் ஒன்றாகக் கொண்டதே அக்கருவியின் குறை.

2020 அக்டோபரில் வந்த 3.9 ஆம் பதிப்பில் அந்தப் பழைய பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. கைடோ வான் ரோசம், பாப்லோ காலிண்டோ, லிசாண்ட்ரோஸ் நிகோலாவ் ஆகிய மூவரும் 'பெக்' என்னும் முறையில் புதியதொன்றை எழுதினர். அதன் வேலைப்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் கருவி, சரியான நிரலுக்குரிய விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கிறது. பிழையில்லையேல் அத்தோடு முடிந்தது. பிழை உண்டெனில் மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்கிறது. இம்முறை மக்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை விவரிக்கும் விதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. எந்தத் தவறு பொருந்துகிறதோ அதன் பெயரைச் சொல்கிறது. சரியான நிரலுக்கு இதனால் காலத்தாழ்வு இல்லை. மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே வழுவுக்கும் ஓர் இலக்கணம்! நம் இலக்கண ஆசிரியர் கேட்டால் மகிழ்ந்திருப்பர்.

பயன் என்ன ஆயிற்று? 2021 அக்டோபரில் வந்த 3.10 ஆம் பதிப்பு, மூடாத அடைப்புக்குறி திறந்த இடத்தையே சுட்டி, 'இது மூடப்படவே இல்லை' என்றது. முக்காற்புள்ளி விடுபட்டால் 'இங்கே முக்காற்புள்ளி வரவேண்டும்' என்றது. காற்புள்ளி விடுபட்டதுபோல் தோன்றினால் 'மறந்தீர்களோ?' என்று கேட்டது. பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினால், நெருங்கிய பெயரை எடுத்துக் காட்டி 'இதைத்தான் கருதினீர்களா?' என்றது. 2022-இல் வந்த 3.11, ஒரே வரியில் மூன்று வகுத்தல்கள் இருந்தால் எந்த வகுத்தலில் பூச்சியம் வந்தது என்பதைக் கோடிட்டுக் காட்டியது. 2023-இல் வந்த 3.12, நூலகம் ஒன்றை வரவழைக்காமலே பயன்படுத்தினால் அதனை நினைவூட்டியது. 2024-இல் வந்த 3.13, மாணவர் தம் கோப்புக்கு நூலகத்தின் பெயரையே சூட்டிவிட்டதால் குழப்பம் விளைந்தால், 'உம் கோப்பின் பெயரை மாற்றிப் பாரும்' என்று அறிவுரை சொன்னது. இவற்றுள் எதுவும் மொழிக்குப் புதிய ஆற்றலைத் தரவில்லை. முன்பு செய்ய முடியாத கணக்கு எதனையும் செய்யவில்லை. ஆனால் கற்கப் புகுந்த எத்தனை பேருடைய இரவுகளை இவை மீட்டுத் தந்திருக்கும்!

பைத்தானுக்கு முன்னரே இவ்வழியில் நடந்தவர்களும் உண்டு. எல்ம் என்னும் சிறுமொழியை ஆக்கிய எவன் சாப்ளிக்கி 2015-இல் பிழைச்செய்திகளை மனிதர்க்காக எழுதவேண்டும் என்று வற்புறுத்தி, தம் கருவியின் செய்திகளை அவ்வாறே மாற்றி அமைத்தார். அவ்வாண்டு தன் முதல் நிலைபெற்ற பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழி, மறு ஆண்டே அந்த எடுத்துக்காட்டைப் பின்பற்றித் தன் செய்திகளின் வடிவத்தைத் திருத்திக்கொண்டது. ரஸ்ட் மொழியாரிடம் பாராட்டத்தக்க ஒரு கொள்கை உண்டு. தவறான நிரலைக் கருவி மறுத்தது சரியே. ஆனால் மறுத்த காரணம் படிப்பவருக்கு விளங்கவில்லை என்றால், அந்த விளங்காமையையும் கருவியின் குறையாகப் பதிவு செய்து திருத்துகிறார்கள். தீர்ப்புச் சரியாக இருந்தால் மட்டும் போதாது, தீர்ப்புரையும் விளங்கவேண்டும் என்பது அதன் கருத்து.

செய்தி விளங்காமை ஒரு குறை. பிழை நேர்ந்தும் செய்தியே வராமை பெருங்குறை. அறிவியல் பயில்வோர் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். மரபணு ஆய்வில் நடந்ததைக் கேளுங்கள். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு 'செப்ட்-2', 'மார்ச்-1' என்பன போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. விரிதாள் மென்பொருள் அவற்றைத் தேதிகள் என்று எண்ணி, ஒரு சொல்லும் சொல்லாமல், செப்டம்பர் 2 என்றும் மார்ச் 1 என்றும் மாற்றிவிட்டது. விரிதாளில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. 2020-இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அப்பெயர்களையே மாற்றியமைத்தது. கருவி வாய்திறந்து ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால், மனிதன் தன் மரபணுவின் பெயரை மாற்றவேண்டிய நிலை வந்திருக்குமா?

நாம் அன்றாடம் புழங்கும் திறந்த கருவிகளிலும் இந்த மௌனம் உண்டு. யூனிக்ஸ் ஷெல்லில் மூன்று கட்டளைகளைக் குழாய்போல் ஒன்றோடொன்று இணைக்கிறோம். முதற் கட்டளை தோற்றாலும், கடைசிக் கட்டளை வென்றுவிட்டால் மொத்தமும் வென்றதாகவே ஷெல் கணக்கிடும். வேறு வகையாகக் கணக்கிடு என்று நாமாகக் கேட்டாலன்றி அது மாறாது. தரவே வராத குழாயின் மறுமுனையில் சராசரி ஒன்று அழகாக அச்சாகி நிற்கும்! பைத்தானிலோ, எந்தப் பிழை வந்தாலும் பிடித்து விழுங்கிவிடு என்று இரண்டு வரியில் எழுதிவிட முடிகிறது. அவ்வாறு எழுதுவோரும் பலர். நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

செய்தி வந்தும் கேடு விளைந்த வரலாறும் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன் 5 ஏவுகணை முதன்முறையாகப் புறப்பட்டது. முந்திய ஏவுகணையிலிருந்து எடுத்தாண்ட நிரற்பகுதி ஒன்றில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்க முயன்றபோது எண் அடங்கவில்லை. அப்பிழையைக் கையாள அவ்விடத்தில் வழி செய்யப்படவில்லை. திசை அறிவிக்கும் கருவி செயலிழந்து, தன் நிலையைக் கூறும் குறிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு நின்றது. அதைப் பெற்ற தலைமைக் கணிப்பொறி என்ன செய்தது? அக்குறிப்பைப் பிழைச்செய்தி என்று அறியாமல், பறக்கும் திசையைக் காட்டும் தரவு என்றே எடுத்துக்கொண்டது! அதற்கேற்ப ஏவுகணையைத் திருப்பியது. புறப்பாடு தொடங்கிச் சுமார் 40 விநாடிகளில் ஏவுகணையும் அதிலிருந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. பிழையை அறிவித்தால் மட்டும் போதாது. கேட்பவர்க்குப் பிழை என்றே விளங்கும்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி, மறுப்போர் கூறுவதையும் பார்ப்போம்.

'பிழையோடு போராடினால்தான் கல்வி வளரும். எல்லாவற்றையும் கருவியே சொல்லிவிட்டால் மாணவன் சோம்பேறியாவான்' என்பர் சிலர். போராட்டம் கல்வி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதனோடு போராட்டம்? அலைச் சமன்பாட்டோடு போராடினால் இயற்பியல் வளரும். மூடாத அடைப்புக்குறியைத் தேடி மூன்று மணி நேரம் போராடினால் எந்த அறிவு வளரும்? கிணற்றில் நீர் இறைப்பது உழைப்பு; அறுந்த கயிற்றோடு இறைப்பது வீண்.

'இதற்குச் செலவு உண்டு' என்பர் வேறு சிலர். உண்மையே. வரிக்குள் எந்தப் பகுதி என்று காட்டும் பொருட்டுப் பைத்தான் 3.11 கூடுதலான குறிப்புகளைச் சுமக்கிறது. அதனால் இடைநிலைக் கோப்புகள் பருத்தன, நினைவகமும் கூடுதலாக வேண்டும். ஆனால் அதை வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். வேண்டாதவர் நிறுத்திக்கொள்க, வேண்டுபவர்க்குக் கேளாமலே கிடைக்கட்டும். இதுவே முறை. ஏனெனில் நிறுத்தத் தெரிந்தவர் வல்லுநர். கேட்கத் தெரியாதவர் புதியவர்.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. கருவி ஊகித்துச் சொல்லும் அறிவுரை தவறாயிருந்தால்? விடுபட்டது காற்புள்ளி என்று அது சொல்ல, உண்மையில் விடுபட்டது வேறொன்றாக இருந்தால் புதியவர் மேலும் வழிதவறுவார் அல்லவா? ஆம், தவறுவார். ஆகவே கருவி தான் அறிந்ததையும் ஊகித்ததையும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். ரஸ்ட் கருவியில் அறிவுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் குறிக்க முடிகிறது. ஐயமற்றதாகக் குறிக்கப்பட்ட திருத்தத்தை மட்டும் பொறியே செய்யலாம்; ஐயத்துக்குரியதை மனிதர் பார்த்தே செய்ய வேண்டும். 'ஒருவேளை' என்னும் சொல்லை உரிய இடத்தில் சொல்லத் தெரிவதும் அறிவின் அடையாளமே. அறிவியல் மாணவர்க்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இவற்றிலெல்லாம் நமக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இரண்டு வேலைகள் உண்டு.

முதலாவது, சாட்சி சொல்வது. ஒரு செய்தி விளங்குகிறதா இல்லையா என்று தீர்ப்புக் கூற வல்லுநர் தகுதியுடையவர் அல்லர். அவருக்குச் செய்தியே வேண்டாம், பார்த்த மாத்திரத்தில் பிழை தெரிந்துவிடும். புதியவரின் குழப்பமே உண்மையான சான்று. அதுவும் சில மாதங்கள்தான் நிற்கும், பழகியபின் மறைந்துவிடும். ஆகவே குழப்பம் புதிதாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பைத்தானின் குறைகளைப் பதிவு செய்யும் ஏடு 2022 முதல் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது, யாரும் எழுதலாம். நீண்ட கடிதம் வேண்டாம். பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல், கருவி சொன்ன செய்தி, அது சொல்லியிருக்க வேண்டிய செய்தி, இம்மூன்றும் போதும். நிறுவனம் ஒன்று பூட்டி வைத்திருக்கும் கருவியானால் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கோ கதவு திறந்திருக்கிறது. கைவேலை தெரிந்தவர் தாமே திருத்தியும் அனுப்பலாம்.

இரண்டாவது வேலை நமக்கே உரியது. ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம். கடைத்தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஆங்கிலம், கணிப்பொறியின் திரையிலோ அதனினும் சுருங்கிய ஓர் ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து நேரே இங்கு வந்து சேரும் தம்பி தங்கையர்க்கு, திரையில் சிவந்து நிற்கும் அச்சொற்கள் ஒரு பிழையை அல்ல, ஒரு தகுதியின்மையை அறிவிப்பனபோல் தோன்றுகின்றன. 'கணிப்பொறி எனக்கு வராது' என்று முதற் பருவத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வராதது கணிப்பொறி அன்று, வராதது விளக்கம்.

இதற்கு மருந்து உண்டு. ரஸ்ட் மொழியில் பிழைகள் பலவற்றுக்குத் தனி எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் நீண்ட விளக்கம் கிடைக்கும். எண்ணுக்கு மொழி இல்லை. விளக்கத்தை எந்த மொழியிலும் எழுதலாம். பைத்தானிலும் பிழைகளின் வகைப்பெயர்கள் உள்ளன. நம் சங்கம் இவ்வாண்டு ஒரு சிறு கைந்நூல் வெளியிட வேண்டும் என்று முன்மொழிகிறேன். புதியவர் அடிக்கடி காணும் இருபது பிழைச்செய்திகள். ஒவ்வொன்றுக்கும் அதன் பொருள், அது நேரும் காரணம், திருத்தும் வழி, எளிய தமிழில் அரைப்பக்கம். மூத்தவர் எழுதட்டும், முதலாண்டு மாணவர் படித்துப் பார்த்து, விளங்காத இடத்தைச் சொல்லட்டும், அவர்க்கு விளங்கும் வரை மூத்தவர் திருத்தட்டும். எழுதும்போதே எந்தச் செய்தி விளக்கவே முடியாதபடி கெட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதை மொழியை ஆக்குவோர்க்கு எழுதி அனுப்புவோம். கைந்நூலும் வளரும், கருவியும் திருந்தும்.

அரசனுக்கு இடித்துரைக்கும் அமைச்சர் வேண்டும் என்றார் வள்ளுவர். இடித்துரைப்பவர் மூன்றை அறிந்திருக்க வேண்டும்: குற்றம் எது, அது எங்கே தொடங்கியது, எப்படித் திருத்துவது. கருவிகளிடம் நாம் கேட்பது இம்மூன்றே. கருவிகளுக்கு நாம் எழுதும் முறையீட்டிலும் இம்மூன்றும் இருக்கட்டும். இக்கைந்நூலுக்கு முதற் பிழைச்செய்தியை யார் கொண்டுவருகிறீர்கள்?